ஜீரோ காட்டுன தண்ணி

குரூப்ல ஜூனியர்ஸ் எல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. "அக்கா, டயாலிசிஸ் சென்டர்ல தண்ணி டெக்னீஷியன் வேலை வந்திருக்கு, போலாமா வேணாமா?" சரி லா, எழுதறேன். இந்த மாதிரி அனுபவமெல்லாம் ரிட்டயர் ஆனவங்கதான் எழுதுவாங்க. நானும் ரிட்டயர்தான். வயசு இருபத்தொம்போது. பென்ஷன் கெடையாது, முதுகு வலி மட்டும் கெடச்சிருக்கு. இப்போதைக்கு வேற வேலையும் தேடல. தூங்கிக்கிட்டு இருக்கேன்.

நான் இருந்த மாசாய் ஊர் சென்டர்ல இனிமே தண்ணிய டெஸ்ட் பண்ண ஆளே வேணாமாம். பைப்புலயே ஒரு மெஷின் மாட்டிட்டாங்களாம். குளோரின் லிமிட்ட தாண்டுனா தானா கத்துமாம். நல்லது, கத்தட்டும். நான் கத்துனப்ப ஒருத்தருக்கும் பிடிக்கல.

காலேஜ் கதைய சுருக்கமா முடிச்சிடறேன். கெமிஸ்ட்ரி படிச்சேன். எது தண்ணியில கரையும், எது கரையாது, கரைஞ்சா சூடாகுமா குளுறுமா, எல்லாம் பக்கம் பக்கமா எழுதுனேன். பாசிர் கூடாங் ஃபேக்டரி லேப்ல வேலை கெடைக்கும்னு நெனச்சேன், கெடைக்கல. வீட்டுக்குப் பக்கத்துல கமிட்டிக்காரங்க நடத்துற சென்டர்ல ஆள் கேட்டாங்க, சேந்துட்டேன். வீட்டுல மாமாவுக்கு ஒரே சிரிப்பு. "தண்ணி பார்ட்டிக்கு படிச்சிட்டு வந்திருக்கா பாரு." சொந்தக்காரங்க எல்லாருக்கும் அந்த ஜோக்க ஒரு ரவுண்டு விட்டாரு.

வேலை என்னன்னா, கிட்னி போனவங்க வாரத்துக்கு மூணு நாள் மெஷின்ல ஏறணும். மெஷினுக்குள்ள அவங்க ரத்தம் ஒரு பக்கம் ஓடும், தண்ணி ஒரு பக்கம் ஓடும், நடுவுல மெல்லிசா ஒரு தோல் மாதிரி. ரத்தத்துல இருக்கிற அழுக்கு தண்ணிக்கு வரும். தண்ணியில ஏதாச்சும் இருந்தா அது ரத்தத்துக்குப் போகும். நம்ம வயித்துக்குள்ள போனாலாவது கொஞ்சம் வடிகட்டும். இது நேரா ரத்தம். அதனால பைப் தண்ணிய அப்படியே குடுக்க முடியாது. மொதல்ல பெரிய டாங்கி, அப்புறம் மணல் ஃபில்டர், அப்புறம் கரி ஃபில்டர், அப்புறம் உப்பு போட்டு கழுவுற ஒரு டாங்கி, கடைசியா ஆர்.ஓ. இதெல்லாம் சென்டர் பின்னாடி ஒரு ரூம்ல. ஜன்னல் கெடையாது. பம்ப் சத்தத்துல நாம பேசறது நமக்கே கேக்காது. அதுதான் என் ஆபீஸ்.

உப்புன்னதும் சேகர் அண்ணன் ஞாபகம் வருது. பழைய லோரி டிரைவர். பெரிய உடம்பு, அதவிட பெரிய வாய். நான் உப்பு மூட்டைய தள்ளிக்கிட்டு போறத பாத்தா போதும், ஹால்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஆரம்பிப்பாரு. "எங்களுக்கு கருவாடு கூடாது, ஊறுகா கூடாது. இந்தப் பாப்பா மட்டும் மூட்டை மூட்டையா கொட்டுது. யாரு வீட்டு விருந்துக்கு லா?" அந்த உப்பு தண்ணியில இருக்கிற சுண்ணாம்ப புடிச்சு வெச்சிருக்கிற ரெசின் மணிய கழுவறதுக்குன்னு நானும் பலதடவ சொல்லிட்டேன். சுண்ணாம்பு வெளிய போனதும் உப்பையும் அலசி வெளிய விட்டுடுவோம், உங்களுக்கு ஒரு துளி வராதுன்னு சொல்வேன். பொறுமையா கேப்பாரு. அடுத்த மூட்டைக்கு மறுபடியும் அதே கேள்விதான்.

பைகார்ப் கரைக்கிறதும் என் வேலை. வெள்ளை பவுடர், சோடா மாவுதான், ஆனா சுத்தமானது. சூடு பண்ணாத ஆர்.ஓ. தண்ணிய மொதல்ல ஊத்தி, பவுடர கொஞ்சம் கொஞ்சமா போட்டு, மெதுவா சுத்தணும். அவசரப்பட்டு வேகமா அடிச்சா உள்ள இருக்கிற கேஸ் கெளம்பிப் போயிடும். பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, தெளிவாத்தான் இருக்கும். ஆனா மெஷினுக்குள்ள போனதும் சுண்ணாம்பா படியும். எனக்கு முன்னாடி இருந்தவன் டிரில் மாட்டி அடிச்சிருக்கான். அவன் அடிச்சத நான் மூணு மெஷின்லேந்து சுரண்டி எடுத்தேன். ஒரு விஷயம் மண்டையில ஏத்திக்குங்க. கரைஞ்சிடுச்சுன்னா காணாம போச்சுன்னு அர்த்தம் இல்ல. கண்ணுக்குத் தெரியாம அங்கேயேதான் இருக்கு.

இப்போ சிஸ்டர் பத்மினி. சென்டர் பொறுப்பு அவங்ககிட்டதான். சிலோன் ஃபேமிலி, அப்பா காலத்துலேந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரி. அங்க ரிட்டயர் ஆயிட்டு இங்க வந்தவங்க. என்னை "நீர்"னு கூப்புடுவாங்க. மொத நாள் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. நம்மள யாரு லா நீர்னு கூப்புட்டிருக்கா? ஆனா அந்தக் குரல் ஏறவே ஏறாது. யாராச்சும் கத்துனா இன்னும் கொஞ்சம் எறங்கும், அவ்ளோதான்.

அவங்ககிட்ட ஒரு பழக்கம். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னாடி கரி ஃபில்டர தாண்டி வர்ற தண்ணிய நான் எடுத்து குளோரின் டெஸ்ட் பண்ணணும். சின்ன கண்ணாடி பாட்டில்ல தண்ணி, ஒரு பாக்கெட் பவுடர், ஆட்டணும். குளோரின் இருந்தா ரோஸ் கலர் வரும். எவ்ளோ ரோஸ்னு மீட்டர்ல வெச்சா நம்பர் காட்டும். அத எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போய் சிஸ்டர் முன்னாடி நிக்கணும். அவங்க மீட்டர பாக்க மாட்டாங்க. என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. "சொல்லும்" அப்படிம்பாங்க. நம்பர வாய்விட்டு சொல்லணும். அப்புறம் "ஏத்தலாமோ?" நான் "ஏத்தலாம் சிஸ்டர்"னு சொன்னாத்தான் நர்ஸுங்க ஊசிய தொடுவாங்க. நம்பர் கையில இருக்கே, எதுக்கு இந்த டிராமான்னு எனக்குக் கடுப்பா இருக்கும். தெனமும் அதே டிராமா. காலையில, மத்தியானம், சாயங்காலம்.

குளோரினுக்கு எதுக்கு இவ்ளோ பயம்னு கேப்பீங்க. குடிக்கிற தண்ணிக்கு அது நல்லது, கிருமிய கொல்லும். அதே குளோரின் ரத்தத்துக்கு நேரா போனா சிவப்பு அணு எல்லாம் உடைஞ்சிடும். ஊசி குத்தி ஏறி உக்காந்த மனுஷன், டிவி பாத்துக்கிட்டே போயிடலாம்.

இனிமே நான் சொல்ல வந்தது.

ஒரு வெள்ளிக்கெழம எங்க பக்கம் பெரிய பைப் வெடிச்சிடுச்சு. தண்ணி நின்னு போச்சு. அன்னைக்கு ஏற வேண்டியவங்கள சனிக்கெழம கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஏத்தறதுக்கு சிஸ்டர் போன் மேல போன் அடிச்சு எடம் புடிச்சாங்க. எல்லாரும் போனாங்க. சேகர் அண்ணன் மட்டும் போகல. ஞாயித்துக்கெழம மகளுக்கு பரிசம், பந்தல் வேலை, சமையல் ஆள், மாப்பிள்ளை வீடு ரெங்கம்லேந்து வர்றாங்க. எங்க லா நேரம்? அதோட அன்னைக்கு ஆள் ஆளுக்கு கலர் தண்ணி நீட்டுவாங்க, வேணாம்னா மூஞ்சிய தூக்குவாங்க. கிட்னி இல்லாத ஒடம்புல ஊத்துன தண்ணி எங்கயும் போகாது. மொதல்ல கால்ல நிக்கும், அப்புறம் நெஞ்சுல ஏறும்.

திங்கக்கெழம காலையில அவரு வந்தப்ப நடக்கல. அவரு சம்சாரம் பார்வதி அக்கா புடிச்சு தள்ளிக்கிட்டு வந்தாங்க. சாய முடியல, நிமிந்து உக்காந்து வாயால மூச்சு விட்டாரு. நர்ஸ் ஆக்சிஜன் மாட்டுனாங்க. ஹால்ல எல்லாரும் ஏற ரெடியா சேர்ல இருந்தாங்க. நான் பின்னாடி போய் தண்ணி எடுத்தேன்.

பவுடர் போட்டேன். ஆட்டுனேன். ரோஸ் வரல. மீட்டர் ஜீரோ காட்டுச்சு.

ஜீரோன்னா பாஸ். சந்தோஷமா எடுத்துக்கிட்டு ஓட வேண்டியதுதான். ஆனா எங்க கரி பழசு. மாத்தணும்னு கமிட்டிகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். எப்பவும் லேசா ஒரு நெழல் மாதிரி ரோஸ் தெரியும், லிமிட்டுக்குள்ள, ஆனா தெரியும். சுத்தமா ஒன்னுமே இல்லாம நான் பாத்ததே இல்ல. பைப் வெடிச்சி சேத்துத் தண்ணி வந்ததுக்கு அப்புறமா இந்தக் கரிக்கு உசுரு வரும்? இன்னொரு பாட்டில் எடுத்தேன். இந்தத் தடவ குனிஞ்சு பக்கத்துல வெச்சுப் பாத்தேன். பவுடர் விழுந்த எடத்துல ஒரு கண் சிமிட்டற நேரம் ரோஸ் வந்துச்சு. ஆட்டறதுக்குள்ள காணோம்.

அப்புறம் கரிக்கு முன்னாடி இருக்கிற குழாயத் தொறந்து டாங்கி தண்ணியையே டெஸ்ட் பண்ணேன். அதுவும் ஜீரோ. வீட்டுக்கு வர்ற பைப் தண்ணியில குளோரின் இல்லாம இருக்கவே இருக்காது. அதுவும் பைப் ரிப்பேர் பண்ணிட்டு விடறப்போ இன்னும் அதிகமாவே போடுவாங்க. அது ஜீரோ காட்டுதுன்னா பொய் சொல்லுதுன்னு அர்த்தம்.

காலேஜ்ல ஒரே ஒரு தடவ பாத்திருக்கேன். குளோரின் பட்டா அந்தப் பவுடர் ரோஸ் ஆகும். குளோரின் ரொம்ப ரொம்ப அதிகமா இருந்தா, அந்த ரோஸையே வெளுத்து எடுத்துடும். ப்ளீச்ல ஊறுன சட்டை மாதிரி. மீட்டருக்கு ஒன்னும் தெரியாது. கலர் இல்ல, அதனால ஜீரோ. வாசத்துல கண்டுபிடிக்க வேண்டியதுதானேன்னு கேக்காதீங்க. தெனமும் மெஷினையும் தரையையும் ப்ளீச் போட்டு கழுவுற எடம் அது. எங்க மூக்கெல்லாம் எப்பவோ போச்சு.

ஆனா எனக்கு உறுதியா தெரியாது. அத ஒத்துக்கணும். நான் மீட்டர கையில புடிச்சிக்கிட்டு ஹாலுக்குப் போனேன். சேகர் அண்ணன் சேர் கதவுக்குப் பக்கத்துலதான். கை நீட்டி என் மணிக்கட்ட புடிச்சி மீட்டர தன் பக்கம் திருப்பிப் பாத்தாரு. மூச்சுக்கு நடுவுல, "ஜீரோ... நல்லாத்தானே இருக்கு பாப்பா... ஏத்து."

சிஸ்டர் வழக்கம்போல என் மூஞ்சியப் பாத்தாங்க.

"சொல்லும்."

"ஜீரோ, சிஸ்டர்."

"ஏத்தலாமோ?"

நான் மறுபடியும் மீட்டரப் பாத்தேன். சேர்ல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. யாரோ பின்னாடி, படிச்ச புள்ளைங்களுக்கு ஜீரோ போதாதாம்னு முணுமுணுத்தாங்க. பார்வதி அக்கா என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

சிஸ்டர் பக்கத்துல வந்தாங்க. குரல் எறங்குச்சு. "மீட்டர விடும். நீர் என்ன சொல்லுறீர்?"

ஏத்துனா இந்தத் தண்ணி அவர கொல்லலாம். ஏத்தலன்னா அவரு நெஞ்சுல இருக்கிற தண்ணி அவர கொல்லலாம். ஆஸ்பத்திரி தூரத்துல, ஜே.பி. டவுன்ல. அந்த நேரத்துக்கு ரோடு பூரா ஜாம். ஃபேக்டரிக்குப் போற மோட்டோ பைக்கு, கன்டெய்னர் லோரி. எல்லாம் எனக்குத் தெரியும்.

"ஏத்தாதீங்க சிஸ்டர். ஒருத்தரையும் ஏத்தாதீங்க."

ஏன்னு அவங்க கேக்கவே இல்ல. திரும்பி நர்ஸப் பாத்து, "ஊசி ஒருத்தருக்கும் வேணாம். நான் ஆஸ்பத்திரிக்கு போன் அடிக்கிறன். முனியாண்டி எங்க, வானை எடுக்கச் சொல்லும்"னாங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள எங்க வேன் போயிடும்னு அவங்களுக்குத் தெரியும்.

நான் பின்னாடி ஓடுனேன். கடையில வாங்குன குடிக்கிற தண்ணி பாட்டில் ஒன்னு என் பைல இருந்துச்சு. அந்தத் தண்ணிய டெஸ்ட் பாட்டில் நெறைய ஊத்தி, அதுல டாங்கி தண்ணி சில சொட்டு மட்டும் விட்டேன். நான் நெனச்சது சரின்னா, இப்படி கலந்து கொறச்சாத்தான் உண்மைக் கலர் நிக்கும். தப்புன்னா ஒன்னும் வராது, அப்படின்னா ஒரு மனுஷன சும்மா ரோட்டுல அனுப்பறேன். பவுடர் போட்டேன். ஆட்டுனேன்.

சிராப் தண்ணி மாதிரி ரோஸ். கல்யாண வீட்டுல ஜக்குல ஊத்துவாங்களே, அந்த மாதிரி. போகவே இல்ல, அப்படியே நின்னுச்சு.

அப்போதான் முனியாண்டி அங்கிள் வேன் சாவியோட ரூமுக்குள்ள எட்டிப் பாத்தாரு. இவரப் பத்தி சொல்லணும். அந்த சென்டர் எழும்புனதே இவராலதான். தாமான் தாமானா, ஒவ்வொரு குடியிருப்புலயும் வீடு வீடா நடந்து உதவி கேட்டவரு. முந்தி ஒரு கிளப்புல நீச்சல் குளத்தப் பாத்துக்கிட்டவரு, இப்போ கமிட்டியில வேன் ஓட்டறாரு, பல்பு மாத்தறாரு, சம்பளம் கெடையாது. உள்ள நடந்த கூத்து எதுவும் அவருக்கு இன்னும் தெரியல. சிரிச்சிக்கிட்டே கேட்டாரு, "என்ன பாப்பா, டாங்கி எப்படி? பளபளன்னு இருக்கா?"

நான் பாட்டில கீழ வெச்சேன். டாங்கிய என்ன பண்ணீங்கன்னு கேட்டேன்.

பெருமையா சொன்னாரு. ஞாயித்துக்கெழம தண்ணி திரும்பி வந்ததும் பால் ஊத்தாத தே ஓ கலர்ல இருந்துச்சாம். கமிட்டிக்காரங்க நாலஞ்சு பேரு கோத்தோங் ரோயோங்னு ஒன்னா சேந்து கை குடுத்து, ஏணி வெச்சு டாங்கிக்குள்ள எறங்கி, தேய்ச்சு, சேத்தெல்லாம் வாரி கழுவுனாங்களாம். நான் திங்கக்கெழம வந்து தனியா கஷ்டப்படக் கூடாதுன்னு. வீட்டுல கிளப்புலேந்து கொண்டாந்த குளத்துக் குளோரின் மாத்திரை மிச்சம் இருந்துச்சாம். "சுத்தமா இருக்கட்டும்னு ஒரு பிடி போட்டு விட்டேன்."

நான் ஏணியில ஏறி டார்ச் அடிச்சேன். அடியில வெள்ளை வெள்ளையா, தேய்ஞ்ச சோப்பு மாதிரி கெடந்துச்சு. குளத்து மாத்திரைய வேணும்னே மெதுவா கரையற மாதிரிதான் செய்வாங்க. பெரிய குளத்துல நாள் கணக்கா கொஞ்சம் கொஞ்சமா விடணும்னு. இங்க மூடி போட்ட டாங்கியில ராத்திரி பூரா அசையாம ஊறி இருக்கு. அழுக்குக் கரி அத எங்க புடிக்கப் போகுது?

கீழ எறங்கி அவருகிட்ட சொன்னேன். கத்தணும்னு இருந்துச்சு, ஆனா பம்ப் சத்தத்துக்கு மேல கத்தற தெம்பு எனக்கு இல்ல. மீட்டர் ஏன் ஜீரோ காட்டுச்சுன்னு சொன்னேன். ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொன்னேன். அவரு அந்த ரோஸ் பாட்டிலையே பாத்துக்கிட்டு நின்னாரு. மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு. பின்னாடியே வந்து நின்ன சிஸ்டரும் எல்லாத்தையும் கேட்டுட்டாங்க.

அவங்க அவர திட்டல. "முனியாண்டி, சேகர நீர்தான் கொண்டுபோக வேணும். இப்ப அழ வேணாம், ஓட்டும்." அவரு போனாரு. சேகர் அண்ணன வேன்ல ஏத்தறப்போ அவரு என்னைப் பாத்து ஏதோ சொன்னாரு. ஆக்சிஜன் மாஸ்க்குல வெளங்கல. நல்ல வார்த்தை இல்லைன்னு மட்டும் வெளங்குச்சு.

போற வழியில ஜாம்ல அவருக்கு மூச்சு நின்னு நின்னு வந்திருக்கு. ஆஸ்பத்திரி வாசல்லயே தொண்டையில டியூப் போட்டாங்க. ஐ.சி.யூ. உசுரு தங்குச்சு, ஆனா பழைய ஆளா திரும்பல. நெஞ்சு பலவீனமாயிடுச்சு, இடது கை சரியா தூக்க வரல. மத்தவங்கள எல்லாம் பக்கத்து சென்டர்ங்கள்ல பிரிச்சு ஏத்துனோம். நான் டாங்கிய காலி பண்ணி, கழுவி, அலசி, டெஸ்ட் பண்ணி, மறுபடி அலசி, அந்த வாரம் பூரா அதுதான். கரி மாத்துனாங்க. ஆர்.ஓ. மெம்ப்ரேனும் குளோரின்ல வெந்து போச்சு, அதையும் மாத்துனாங்க. கேட்டப்பெல்லாம் மாத்தாதது ஒரே வாரத்துல மாறிடுச்சு.

கமிட்டி மீட்டிங்ல எனக்கு சால்வை போட்டாங்க. சத்தியமா. சால்வை போட்டுட்டு தலைவர் என்னைத் தனியா கூப்புட்டு, மேல ரிப்போர்ட்ல உள்ளத உள்ளபடி எழுதியாச்சு, ஆனா நோயாளிங்ககிட்ட முனியாண்டி பேரெல்லாம் வேணாமே, தண்ணி ப்ராப்ளம்னு சொன்னா போதும், பெரிய மனுஷன் மனசு ஒடைஞ்சிடும்னாரு. சிஸ்டர் மட்டும் ஒத்துக்கல. சேகருக்குத் தெரியணும், அதுவும் முனியாண்டி வாயாலதான் தெரியணும்னு சொன்னாங்க. நானே சொல்றேன்னு அவரும் தலையாட்டுனாரு.

அதுக்கப்புறமும் நான் அங்க வேலை செஞ்சேன். அன்னைக்கே ஒன்னும் வீரமா ராஜினாமா குடுக்கல. தெனமும் பவுடர், தெனமும் ஆட்டணும், தெனமும் சிஸ்டர் மூஞ்சி. இந்த வேலையில நீங்க சரியா செஞ்சீங்கன்னா ஒன்னுமே நடக்காது. நடக்காத ஒன்ன யாருக்கும் காட்ட முடியாது. அதுக்கும் சேத்துத்தான் தெம்பு வேணும். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா தீந்து போச்சு. உங்களுக்கு இருந்தா போங்க. நல்ல வேலைதான், பொய் சொல்லல.

சேகர் அண்ணன வார்டுக்கு மாத்துனதும் பாக்கப் போனேன். ஃபேன் காத்துல பாதி ஒடம்பா படுத்திருந்தாரு. பார்வதி அக்கா தலைமாட்டுல. கால்மாட்டுல முனியாண்டி அங்கிள் உக்காந்து அவரு கால அமுக்கிவிட்டுக்கிட்டு இருந்தாரு. தெனமும் வர்றாராம், வேன் ஓட்டி முடிச்சதும் நேரா இங்கதானாம். சொந்தத் தம்பி கூட இப்படிப் பாக்க மாட்டான்னு அக்கா சொன்னாங்க. நான் அங்கிளப் பாத்தேன். அவரு நிமிரல. இன்னும் சொல்லலன்னு தெரிஞ்சிடுச்சு.

சேகர் அண்ணன் என்னை ரொம்ப நேரம் பாத்தாரு. பழைய வாய் இல்ல, குரல் உள்ள போயிருந்துச்சு.

"வேற சென்டருக்கு மாறிக்கிறேன், பாப்பா. கோவிச்சுக்காத."

சரிண்ணேன்னு சொன்னேன்.

"உன்னை திட்டல. ஒன்னே ஒன்னு கேக்கறேன். அன்னைக்கு மீட்டர என் கண்ணால பாத்தேன். ஜீரோன்னுதானே இருந்துச்சு?"

எல்லாம் என் வாய் வரைக்கும் வந்துச்சு. வெளுத்துப்போற ரோஸ், கலந்து கொறக்கிறது, டாங்கி அடியில கெடந்த வெள்ளை, எல்லாம். ரெண்டு நிமிஷம் போதும். அங்கிளோட கை அவரு பாதத்து மேல இருந்துச்சு, வீங்குன பாதம், விரல் அழுத்துன எடம் குழியா நின்னுச்சு.

"ஆமாண்ணே"ன்னேன். "ஜீரோதான்."

சேகர் அண்ணன் பார்வதி அக்கா பக்கம் திரும்புனாரு. "நான் சொல்லல?"

கால அமுக்கிக்கிட்டிருந்த கை கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் மறுபடி அமுக்க ஆரம்பிச்சுச்சு.